சத்தம் போடாத பிள்ளை

என் தங்கையின் புகுந்த வீட்டில் அன்றைக்கு எல்லாரும் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தார்கள். கதவைத் திறந்த ஓர்ப்படி, அதாவது தங்கை கணவனின் அண்ணி, என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

"பிள்ளை தூங்கறான்" என்று காற்றாகச் சொன்னாள். "என்ன பிள்ளைங்கறீங்க! அழுகையே கிடையாது. பாலுக்குக்கூடத் தொந்தரவு பண்றதில்ல. நானும் மூணு பெத்தவதான், இப்படி ஒரு தங்கத்தைப் பாத்ததில்ல."

மூணு பெத்தவ என்பது அவள் வாங்கிய பட்டம். சிலர் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்வார்கள் இல்லையா, அதுபோல எந்தப் பேச்சானாலும் அதில் போய்த்தான் முடிப்பாள். அந்த மூன்றும் என்ன லட்சணத்தில் வளர்ந்திருக்கின்றன என்று நான் சொல்லப்போவதில்லை. மாடிப்படியின் உடைந்த கைப்பிடியைப் பார்த்தாலே தெரியும்.

நான் பேருந்து நிலையத்தில் விசாரணை கவுண்டரில் உட்காருகிறவள். தலைக்கு மேலே பெரிய பலகையில் எழுதியிருக்கும் நேரத்தை, அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு என்னிடம் கேட்பார்கள். கண் முன்னால் இருப்பதைப் பார்க்காத மனிதர்களோடுதான் என் பிழைப்பு. ஆனால் தங்கை வீட்டுக்கு வந்தும் அதே கூட்டத்தைப் பார்ப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டின் கீழ்த்தளத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஏசி, பிரிட்ஜ் பழுது பார்க்கும் கடை. மேலே குடித்தனம். அண்ணனை ஊரே பெரியவர் என்று கூப்பிடுகிறது. நான் என் மனசுக்குள் துப்பாக்கி என்று கூப்பிடுவேன். ஏசியில் இருந்து வரும் காற்றின் குளிர்ச்சியை அளக்க ஒரு கருவி உண்டு. துப்பாக்கி மாதிரியே இருக்கும், விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், எண் தெரியும். அந்த மனிதர் அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருவார். தட்டில் சோறு விழுந்ததும் அதைச் சுட்டுப் பார்த்து, "எழுபது" என்று அறிவித்துவிட்டுத்தான் கை வைப்பார்.

என் தங்கையின் கணவன் அவருக்குத் தம்பி. அது போதும், வேறு வர்ணனை தேவையில்லை. அண்ணன் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனுக்கென்று புது ஏசி மாட்டிய அறையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. முகத்தில் பிள்ளை பெற்ற களையைக் காணோம்.

"அக்கா, இவன் குடிக்க மாட்டேங்கறான்" என்றாள். "முந்தாநாள் வரைக்கும் எப்படி இழுத்தான் தெரியுமா? வலியில நான் பல்லைக் கடிச்சிட்டு இருப்பேன். நேத்துலேர்ந்து வாயில வச்சா வச்சபடி இருக்கு. பால் கடைவாய்ல வழியுது. உள்ளங்காலைத் தட்டினாலும் கண்ணைத் திறக்க மாட்டேங்கறான்."

"வயிறு நிறைஞ்சிருக்கு, தூங்கறான்" என்றாள் வாசலில் நின்ற ஓர்ப்படி. "தலைப்பிள்ளை இல்லையா, இவளுக்கு எல்லாமே பயம்."

"எதைக் குடிச்சு நிறைஞ்சுது?" என்றேன்.

அந்த வீட்டில் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, சமாதானம்தான் சொல்வார்கள்.

பிள்ளையின் பாதத்தைத் தொட்டேன். குழாயடியில் கிடந்த பாத்திரத்தைத் தொட்டதுபோல இருந்தது. போர்வைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டேன். அங்கேயும் சூடில்லை.

"பிள்ளை சில்லுனு இருக்கானே!"

இதைக் கேட்டுத்தான் பெரியவர் உள்ளே வந்தார். குளிர்ச்சி என்றால் அவருடைய இலாகா அல்லவா? இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவி, பிள்ளையின் நெற்றியில் சிவப்புப் புள்ளியை வைத்துச் சுட்டார்.

"முப்பத்தஞ்சு" என்றார். வெற்றி பெற்றவரின் குரல். "காய்ச்சல்னா முப்பத்தெட்டுக்கு மேல போகணும். இது கீழயே நிக்குது. ஏசி காத்து நேரா படுது, அவ்வளவுதான். நேத்துக் காலையிலேயே இவ கத்த ஆரம்பிச்சா, நான் அப்பவே ஏசியை நிறுத்தச் சொல்லிட்டேன்."

"நேத்து நிறுத்தின ஏசி இன்னிக்கும் குளிருதா?"

அவர் என்னைப் பார்த்து ஒரு புன்னகை பூத்தார். தொழில் தெரியாதவர்களுக்கென்று வைத்திருக்கும் புன்னகை அது. "நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. முப்பது வருஷமா மெஷின் பாக்கறவன் நான். சத்தம் போடற மெஷின்லதான் கோளாறு இருக்கும். சத்தமில்லாம, சில்லுனு இருந்தா அது நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

இதைச் சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். தம்பி தலையாட்டினான். ஓர்ப்படி தலையாட்டினாள். பிள்ளையும் தலையை ஆட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ஆட்டவில்லை.

ஒரு பச்சைக் குழந்தையைப் பிரிட்ஜ் என்று நினைக்க எத்தனை வருஷத் தொழில் அனுபவம் வேண்டும் என்று பாருங்கள்! சாதாரண ஆளுக்கு அந்தப் புத்தி வரவே வராது.

நான் போர்வையை முழுக்க விலக்கினேன். ஓர்ப்படி "ஐயோ, குளிரும்" என்று பாய்ந்து வந்தாள். நான் முழங்கையால் தடுத்தேன். பிள்ளையின் நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே சதை குழிந்து உள்ளே போனது. மூச்சை விடும்போது மட்டும் "ம்ங்... ம்ங்..." என்று சன்னமாக ஒரு முனகல்.

"பாருங்க, தூக்கத்துல பாடறான்" என்றார் பெரியவர்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை. இதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

தொப்புளைச் சுற்றி வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சீக்கிரம் காயட்டும் என்று ஓர்ப்படி முகப் பவுடரைக் கொட்டியிருந்தாளாம். மூணு பெத்தவளின் கைவண்ணம். அதைத் துடைத்தேன். அடியில் தோல் வட்டமாகச் சிவந்து தடித்திருந்தது. ஒரு கெட்ட வாடை வந்தது. தங்கை அதைப் பார்த்தாள். அழவில்லை. எழுந்து நின்று, பிள்ளையைத் தன் நெஞ்சோடு சேர்த்து முந்தானையால் சுற்றிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள்.

"சாயங்காலம் போலாம்மா" என்றார் பெரியவர். "இப்ப வண்டியை எடுத்தா வேலை கெட்டுப்போகும். அதுவுமில்லாம ஆஸ்பத்திரியில இல்லாத சீக்கெல்லாம் இருக்கு. நல்லா இருக்கற பிள்ளையைக் கொண்டுபோய்..."

"நேத்தும் சாயங்காலம்னுதான் சொன்னீங்க மாமா."

என் தங்கை அதுவரைக்கும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அவள் தன் கணவனைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீங்க வரலேன்னா பரவாயில்ல. வண்டிச் சாவியைக் குடுங்க, அக்கா ஓட்டுவா."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் பேந்தப் பேந்த விழித்தான். அண்ணனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், கடைசியில் அவள் முந்தானைக்குள்ளிருந்து தொங்கிய அந்தச் சின்னக் காலைப் பார்த்தான். அது நீலம் பாய்ந்திருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு படியில் ஓடினான். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

கடை வண்டி அது. பின்னால் செப்புக் குழாய்களும் காலி கேஸ் உருளைகளும் கிடந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் அவை மோதிக்கொண்டு காதைப் பிளந்தன. நான் உருளைகளைக் காலால் அணைத்துப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு திருப்பத்தில் ஏதோ பெரிய இரும்பு சரிந்து விழுந்தது. பக்கத்தில் போன சைக்கிள்காரர் திடுக்கிட்டு இறங்கிவிட்டார். பிள்ளை கண்ணிமையைக்கூட அசைக்கவில்லை.

ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டான். "ஏன் முழிக்க மாட்டேங்கறான்?" என்று என்னைக் கேட்டான்.

"தங்கமான பிள்ளையாச்சே, அதான்" என்றேன். கொடூரம்தான். ஆனால் அதற்கப்புறம் அவன் எந்தச் சிவப்பு விளக்குக்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். முகத்தில் சிரிப்பு இல்லை, கனிவும் இல்லை. ஆனால் கைத்திறன் இருந்தது. பிள்ளையை வாங்கிய வேகத்திலேயே துணியை முழுக்க அவிழ்த்துப் போட்டார். மூச்சை எண்ணினார். நெஞ்சில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் மறுபடி சிவக்க வெகுநேரம் பிடித்தது. விரலை வாயில் வைத்துப் பார்த்தார். பிள்ளை சப்பவில்லை.

"எப்பலேர்ந்து பால் குடிக்கல?"

"நேத்துக் காலையிலேர்ந்து" என்றாள் தங்கை.

"காய்ச்சல் எதுவும் இல்ல டாக்டர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெரியவர்தான். மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டே வந்திருக்கிறார், பாவம், வேலை கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று. கையில் துப்பாக்கி. "நானே அளந்து பாத்தேன். முப்பத்தஞ்சு."

டாக்டர் அந்தக் கருவியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இது எதுக்கு வச்சிருக்கீங்க?"

"ஏசி காத்தை அளக்க."

"அப்ப அதுக்கே வச்சிக்கங்க. பச்சைக் குழந்தைக்கு உடம்புல கிருமி ஏறினா காய்ச்சல் வந்தே தீரும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. எதிர்த்து நிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கு உடம்பு சில்லுன்னு ஆயிடும். காய்ச்சலைவிட அது மோசம். பால் குடிக்கல, அசையல, மூச்சு வாங்குது, நெஞ்சு குழியுது. இதுல ஒண்ணு இருந்தாலே ஓடி வந்திருக்கணும். உங்க வீட்டுல எல்லாமே இருந்திருக்கு."

பெரியவர் துப்பாக்கியை மெதுவாக இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதற்குள் நர்ஸ் பிள்ளையைச் சூடு தரும் மேசையில் கிடத்தி, மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்துவிட்டாள். ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கிப்போயிருந்தது. கையில் ஊசி ஏற்றி, பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். எடுத்த கையோடு அதே வழியாக மருந்தும் ஏறியது. கிருமியைக் கொல்லும் மருந்து, இரண்டு வகை.

"என்ன கிருமின்னு தெரியாமலே மருந்தா?" என்றார் பெரியவர். மூக்கறுபட்டு அரை மணிகூட ஆகவில்லை, அதற்குள் புது மூக்கு முளைத்துவிட்டது. "ரிசல்ட் வரட்டுமே. முதல்ல கோளாறு எதுன்னு கண்டுபிடிச்சிட்டுத்தான நாங்களே கை வைப்போம்."

"உங்க மெஷின் காத்திருக்கும் சார்" என்றார் டாக்டர், அவர் பக்கம் திரும்பாமலே. "ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் இவன் காத்திருக்க மாட்டான்."

மறுநாள் காலையில் மூச்சு கொஞ்சம் ஒரு நிலைக்கு வந்தது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கவேண்டும், கிருமி மூளையைச் சுற்றிப் போயிருக்கிறதா என்று தெரியவேண்டும் என்றார் டாக்டர். பெற்றவர்கள் சம்மதிக்கவேண்டும். பெரியவர் உடனே குறுக்கே விழுந்தார்.

"முதுகுல ஊசியா? பிள்ளை முடமாயிடுவான். எங்க கடைக்கு வர்றவர் ஒருத்தரோட மச்சான் பிள்ளைக்கு இப்படித்தான்... டேய், வேணாம்னு சொல்லுடா."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அந்த இடத்திலேயே இரண்டு பேரையும் சேர்த்து வெளியே தள்ளவேண்டும்போல இருந்தது. அவன் வழக்கம்போலத் தலையாட்டப்போகிறான் என்றுதான் காத்திருந்தேன். அவன் நிமிர்ந்தான்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றான்.

அந்த ஒரு வரியைச் சொல்ல அவனுக்கு இத்தனை வயசு ஆகியிருக்கிறது. பாராட்டலாம்தான். ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் காலில் விழுந்தே பாராட்டியிருப்பேன்.

எடுத்த நீர் தெளிவாக இல்லை, கலங்கியிருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது என் தங்கை அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளிடம் பூசி மெழுகவில்லை. கிருமி மூளைவரை போயிருக்கிறது, மருந்து நீண்ட நாள் ஏறவேண்டும், பிழைத்துக்கொள்வான் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். தங்கை தலையசைத்தாள். பிறகு போய்ப் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். குழாய் வழியாக அது அவன் வயிற்றுக்குள் சொட்டுச் சொட்டாகப் போனது. மூச்சு தேறிய பிறகு அவனை வெற்றுடம்பாக அவள் மார்பின்மேல் போட்டு மூடினார்கள். அவள் அப்படியே அசையாமல் கிடந்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எப்போதும் திட்டிக்கொண்டே இருக்க என்னாலும் முடியாது.

சில நாள் கழித்து ஊசி மாற்றும்போது பிள்ளை கத்தினான். முதலில் பூனைக்குட்டி மாதிரி ஈனக்குரல். பிறகு தொண்டை திறந்துகொண்டது. வார்டே அதிர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, "என்னங்க, இப்படிக் கத்துறானே" என்றாள். தங்கை சிரித்துக்கொண்டே அவளிடம் மன்னிப்புக் கேட்டாள்.

கத்தினான் அல்லவா, உடனே பெரியவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "அதான் சரியாயிட்டானே, இனிமே எதுக்கு ஊசி? வீட்டுல சொட்டு மருந்து குடுத்துக்கலாம்" என்று நர்ஸிடம் முழங்கினார். சத்தம் போடுவது கோளாறு என்ற தன் கொள்கையை அவர் எப்போது கைவிட்டார் என்று நான் கேட்கவில்லை. நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாதியில நிறுத்தினா செத்த கிருமி போக மீதியெல்லாம் திரும்பி வரும். அப்ப நீங்க பாத்துக்கறீங்களா?" என்றாள். வாலைச் சுருட்டிக்கொண்டு போனார். மருந்து கடைசி நாள்வரை ஏறியது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். கிருமி மூளைவரை போன பிள்ளைகளுக்குக் காது பாதிக்கப்படலாம். அடுத்த முறை வரும்போது பரிசோதிக்கவேண்டும்.

அந்த இடைப்பட்ட நாட்களில் அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! நுனிக்காலில் நடந்த வீடா அது? எங்கள் மாப்பிள்ளை, அதாவது அந்தத் தம்பி, பிள்ளையின் தலைமாட்டில் நின்று தட்டைத் தட்டினான். ஓர்ப்படி கதவை அறைந்து சாத்தினாள். கீழே கடையிலிருந்து பெரியவர் பெரிய ஸ்பேனரைக் கொண்டுவந்து தரையில் போட்டார். பிள்ளை திடுக்கிட்டுக் கையை விரித்து வீறிட்டதும் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை.

"கேக்குது! நல்லாக் கேக்குது!" என்றார் பெரியவர். "டெஸ்டெல்லாம் எதுக்கு, வெட்டிச் செலவு."

தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் கம்பிகளை ஒட்டி, தூங்கும் பிள்ளையின் காதில் ஒவ்வொன்றாக ஒலியைச் செலுத்தினார்கள். வலது காது கேட்கிறது. இடது காது கேட்கவில்லை. மறுமுறை செய்து பார்த்தார்கள். கேட்கவில்லை.

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டாள் தங்கை.

டாக்டர் ஒட்டிய கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "வந்தீங்கல்ல, அதனாலதான் இருக்கான்" என்றார். "ஒரு காது போதும், பேச்சு வந்துடும். கேக்கற பக்கமா இருந்து பேசுங்க, நிறையப் பேசுங்க."

மாப்பிள்ளை வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. தேற்றாமல் விடுவதும் ஒரு மருந்துதான் என்று நினைத்தேன்.

நேற்று மறுபடியும் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியவரைப் பார்க்க யாரோ இரண்டு பேர் வந்திருந்தார்கள். நடுக்கூடத்தில் உட்கார்ந்து அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

"முதல்ல கண்டுபிடிச்சதே நான்தான். நெத்தியில வச்சு அளந்தேன், முப்பத்தஞ்சு. சம்திங் ராங்னு அப்பவே தோணிடுச்சு. டாக்டரே அசந்துபோயிட்டாங்க. நல்லவேளை, கருவி கையில இருந்துச்சு."

ஓர்ப்படி தலையாட்டினாள். வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டான். சமையலறையிலிருந்து தங்கை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

பிள்ளை என் மடியில் விழித்துக்கொண்டு கிடந்தான். "வாடா என் சிங்கம், நீயே சொல்லுடா, பெரியப்பாதானடா உன்னைக் காப்பாத்தினேன்?" என்று பெரியவர் குனிந்தார். நான் பிள்ளையை மெல்லத் தூக்கித் திருப்பினேன். கேட்கிற காதை என் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். கேட்காத காது அவர் பக்கம் இருந்தது.

"இப்ப சொல்லுங்க" என்றேன்.